குளிக்கிற வெந்நீர்

ஜூன் 3, செவ்வாய்

அம்மாவின் தலைமுடியில் இன்று புகை வாசனை இல்லை. பேன் பார்க்க அவளை முன்னால் உட்காரவைத்துக் கொண்டையை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை மட்டும் வந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா என்றால் புகை வாசனைதான். வேறு யாரோ முன்னால் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

தேயிலை எஸ்டேட்டில் ஒரே வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் கரண்டு அடுப்பு வந்துவிட்டது. அடுப்புக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்குள் பேட்டரி. எங்கள் லைனுக்கு வரும் கரண்டு மெலிந்தது. இரண்டு வீட்டில் சேர்ந்தாற்போல மிக்சி ஓடினாலே ஃப்யூஸ் போய்விடும். அதனால் பெட்டி பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் அதை வைத்துச் சமைக்கலாம். இதைச் செய்தது நர்மதா அக்கா. பொள்ளாச்சியில் அவரும் அவருடன் படித்த அஸ்வத் அண்ணனும் சேர்ந்து கம்பெனி தொடங்கியிருக்கிறார்கள். கம்பெனி என்றால் ஒரு ஷெட்டும் சில ஆட்களும். மலையில் முதன்முதலாக எங்கள் எஸ்டேட்டில்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

எனக்கும் அதில் வேலை. வீடு வீடாகப் போய் அடுப்பு சரியாக இருக்கிறதா, பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்பதாவதோடு நின்றுவிட்டவளுக்கு இது பெரிய வேலை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மழையில் ரோடு சரிந்து பஸ் நின்ற வருடம் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. ரோடு சரியான பிறகும் நான் போகவில்லை.

"உனக்குப் பேச வரலைன்னா எழுது, தபித்தாள்" என்று அக்காதான் இந்த நோட்டைக் கொடுத்தார்.

ஜூன் 5

மழை. எங்கள் லைன் சுடலி அத்தை வீட்டில் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டதாம். அடுப்பைத் திட்டினார். பிறகு கல்லைத் திட்டினார். கடைசியில் என்னைத் திட்டிவிட்டு ஒரு தோசை கொடுத்தார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று யாரும் விறகுக்குப் போகவில்லை.

ஞாயிறு என்றால் லைன் பெண்கள் எல்லோரும் கயிறும் கொடுவாளும் எடுத்துக்கொண்டு சோலை ஓரத்துக்குப் போவார்கள். முன்னால் சுடலி அத்தை. கையில் ஒரு ஈயத் தட்டு, அதைத் தட்டிக்கொண்டே போவார். சும்மா நடக்க மாட்டார்கள். புருஷன்மாரைப் பற்றி, சூப்பர்வைசரைப் பற்றி, பக்கத்து லைன்காரிகளைப் பற்றி உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டே போவார்கள். காட்டுமாடோ கரடியோ இருந்தால் அந்தச் சத்தத்துக்கு விலகிப் போய்விடும். அத்தையின் வாயைக் கேட்டு யானையே காதைப் பொத்திக்கொள்ளும் என்று அம்மா சொல்வாள்.

இன்று எல்லோரும் வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்தார்கள், டிவி பார்த்தார்கள், பகலிலேயே தூங்கினார்கள். அத்தைக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. "நெருப்பு இல்லாம சோறு, வேலை இல்லாம ஞாயித்துக்கிழமை. இன்னும் என்னென்ன காட்டப் போறாளோ ஒன் அக்கா" என்றார்.

நர்மதா அக்காவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். நானாகப் போன் செய்தது இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுதார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 12

லைன் முழுக்கச் சண்டை. மழை வலுத்துவிட்டது. ஆறேழு வீட்டில் வேலையிலிருந்து வந்ததும் குளிக்கிற தண்ணீர்ப் பானையைத் தூக்கிக் கரண்டு அடுப்பில் வைத்துவிட்டார்கள். தண்ணீர் காய்ந்தது. அதோடு பெட்டி காலி. சோறு வடிக்க வழியில்லை. இரண்டு வீட்டில் ஹீட்டர் கம்பியைப் போட்டார்கள், லைனே இருட்டாகிவிட்டது. எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவை அனுப்பினேன். அம்மா போய் அவர்களுக்கு ஏதோ சமாதானம் சொன்னாள்.

ஜூன் 14, சனி

அக்காவும் அஸ்வத் அண்ணனும் வந்தார்கள். தண்ணீர்க் குழாய் பக்கத்தில், குடைகளுக்குக் கீழே கூட்டம்.

அக்கா ஏப்ரலில் வீடு வீடாகக் கேட்டபோது நானும் கூட இருந்தேன். என்ன சமைப்பீர்கள், எத்தனை பேருக்கு, சோறு வேக எவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. சோறு, குழம்பு, எப்போதாவது கறி, காலையில் தேநீர். பெட்டியின் அளவை அக்கா அதை வைத்துத்தான் முடிவு செய்தார். குளிக்கத் தண்ணீர் காய வைப்பதை யாரும் சொல்லவில்லை. அது சமையல் இல்லை. அது வீட்டுக்குப் பின்னால், மூன்று கல்லில், யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் மூட்டுவது.

"அப்பவே ஏன் சொல்லல?" என்று அக்கா கேட்டார்.

"சமையல்தான அம்மிணி நீ கேட்ட?" என்றார் சுடலி அத்தை. "குளிக்கிறதுக்கா கேட்ட?"

பொள்ளாச்சியில் வருடம் முழுக்கப் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்போம், அதனால் தோன்றவே இல்லை என்று அக்கா சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நாள் முழுக்க மழையில் நனைந்து, மழைக்கு இடுப்பில் சுற்றிய படுதாவும் காலில் அட்டையுமாகக் கொழுந்து பறித்துவிட்டு வருபவர்கள் இவர்கள். வெந்நீர் ஊற்றாமல் அன்றைக்குச் சோறு இறங்காது. அக்கா சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

அடுத்த பெட்டி தண்ணீருக்கும் சேர்த்துச் செய்வதாகச் சொன்னார். அதற்குக் கொஞ்ச மாதம் ஆகும். அதுவரை அடுப்பில் குளிக்கிற தண்ணீர் வைக்கக் கூடாது, ஹீட்டர் கம்பி போடக் கூடாது. இதை வீடு வீடாகச் சொல்ல வேண்டியது நான்.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிப் பழகுவதற்காக முதலில் எங்கள் வீட்டில் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நிலைக்கு வெளியே நின்று, வேறு வீட்டுக்கு வந்தவள் போலச் சொன்னேன். இனிமேல் இந்த அடுப்பில் குளிக்கத் தண்ணீர் வைக்கக் கூடாது. கம்பியும் போடக் கூடாது.

அம்மா எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். "சரிங்க மேடம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எல்லா வீட்டிலும் தடுமாறாமல் சொன்னேன். சிலர் வாளித் தண்ணீரை வெயிலில் வைக்கலாமா என்று கேட்டார்கள். வெயில் எங்கே இருக்கிறது?

ஜூன் 20

கீழ் லைனிலும் இரண்டு வீட்டுக்கு அடுப்பு வந்திருக்கிறது. அங்கே போய் வருவதற்குள் முழுதாக நனைந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் வெந்நீர் இருந்தது. அம்மா காலில் உப்பு வைத்து அட்டையை எடுத்துவிட்டாள். குளித்துவிட்டுச் சோறு சாப்பிட்டோம், வாழைப்பூப் பொரியல்.

அம்மா இப்போதெல்லாம் தலையில் துண்டு கட்டிக்கொள்கிறாள். ஈரம் என்கிறாள்.

ஜூன் 27, வெள்ளி

அக்கா வந்திருந்தார். ஜூலை பதினேழாம் தேதி சென்னையிலிருந்து கம்பெனிக்குப் பணம் போடுகிற ஆட்கள் வருகிறார்களாம். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் மற்ற எஸ்டேட்களுக்கும் அடுப்பு போகும், தண்ணீர்ப் பெட்டியும் சீக்கிரம் வரும். இல்லையென்றால் ஷெட்டை மூட வேண்டியதுதான். அஸ்வத் அண்ணன் பெங்களூரில் ஒரு வேலையைக் கேட்டு வைத்திருக்கிறார். இதை என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. நான் திருப்பிப் பேச மாட்டேன் என்பதால் பலர் என்னிடம் சொல்வார்கள்.

வருகிறவர்கள் வீட்டுப் பின்னால் அடுக்கியிருக்கிற விறகு அட்டியைப் பார்ப்பார்களாம். யார் வீட்டில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒரு சுற்று பார்த்து வரச் சொன்னார். பார்த்தேன். பல வீட்டில் அட்டி பாதியாகிவிட்டது. சுடலி அத்தை வீட்டில் அட்டி இருந்த இடத்தில் கோழி அடைகாக்கிறது. அத்தை வீட்டில் எல்லோரும் கை கால் மட்டும் கழுவிக்கொள்கிறார்களாம், ஞாயிறு மட்டும் வெந்நீர். "நாறுனா நீதான் பொறுப்பு" என்றார்.

எங்கள் வீட்டு அட்டியை நான் பார்க்கவில்லை. தினமும் இருக்கிற வீட்டில் என்ன பார்ப்பது.

ஜூலை 2

எனக்கு இருமல். வெந்நீரில் அம்மா நொச்சி போட்டிருந்தாள்.

ஜூலை 4

அம்மாவின் முழங்கையில் முள் கிழித்திருக்கிறது. காட்டில் உண்ணிச்செடி என்றாள். நாங்கள் தேயிலைத் தோட்டத்தைத்தான் காடு என்போம். இப்போது பறிக்கிற காட்டில் உண்ணிச்செடி இருக்கிறதா என்று தெரியவில்லை. மஞ்சள் வைத்துவிட்டேன்.

ஜூலை 9

குழாயடியில் சுடலி அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏ புள்ள, ஒங்கம்மா விடியறதுக்குள்ள எங்க போயிட்டு வாரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். கால் மரத்துப்போகிறது, கொஞ்சம் நடந்தால் சரியாகிறது என்றாள். அவள் சேலை ஓரம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஓரம் முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது. நான் ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். பிய்த்துக்கொண்டே, பதினேழாம் தேதி ஆட்கள் வருகிறார்கள், கம்பெனி வேலை பார்க்கிற வீட்டில் விறகு இருந்தால் அக்காவுக்குத்தான் அசிங்கம் என்றேன். அதுவரைக்குமாவது, என்றேன்.

"யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள் அம்மா.

அப்புறம் நாங்கள் தூங்கிவிட்டோம்.

ஜூலை 11

சேலையைச் சேர்த்துத் துவைத்தேன். அம்மா எப்போது எழுந்து போனாள் என்று தெரியவில்லை. நான் முழித்தபோது தேநீர் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

காய்ச்சல். சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மாவும் போகவில்லை. என்னை மணையில் உட்காரவைத்துச் சின்னப் பிள்ளைக்கு ஊற்றுவதுபோல அம்மாவே தண்ணீர் ஊற்றினாள். நல்ல சூடு. வேண்டாம், நானே ஊற்றிக்கொள்கிறேன் என்றேன். "சும்மா இரு, மூணு நாளைக்கு ஒரு தடவ ஒனக்குச் சளி பிடிக்குது, மேடம் வேலை வேற" என்றாள். முதுகு தேய்த்துவிட்டபோது அவள் உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருந்தது.

அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத வருடத்திலிருந்து அம்மா இப்படித்தான். எனக்கு ஒன்று வந்துவிடக் கூடாது.

ஜூலை 16, புதன்

நாளை ஆட்கள் வருகிறார்கள். லைன் வாசலைக் கூட்டினோம். அடுப்புகளைத் துடைத்தோம். வந்தவர்கள் கேட்டால் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அக்கா போனில் சொன்னார். எங்கள் லைனில் யாரும் இப்போது விறகுக்குப் போவதில்லை, அவ்வளவுதான். அம்மாவின் முன்னால் சொல்லிப் பார்த்தேன். நாலாவது தடவை தொண்டை அடைக்கவில்லை. அம்மா தலையாட்டினாள். என் நீலச் சுடிதாரைச் சுடுதண்ணீர் ஊற்றிய சொம்பால் தேய்த்து மடிப்பு எடுத்துக் கொடுத்தாள்.

"நாளைக்கு நல்லாத் தலைக்கு ஊத்திட்டுப் போ" என்றாள்.

வெளியே மூடுபனி. எதிர் லைன் தெரியவில்லை.

ஜூலை 17

அம்மா இன்னும் வரவில்லை. ஒன்பது மணிக்கு அக்கா வந்துவிடுவார்.

ஜூலை 22

சித்தி பொள்ளாச்சியிலிருந்து வந்து என்னோடு இருக்கிறாள். எழுது என்று அவள்தான் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

சோலை ஓரத்தில், ஓடைக்கு இந்தப் பக்கம். காட்டுமாடு. காவலுக்குப் போன ஆட்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். பனியில் இரண்டு பேருக்குமே தெரிந்திருக்காது என்றார்கள். இரண்டு பேர் என்று அவர்கள் சொன்னது அம்மாவையும் அந்த மாட்டையும்.

விறகுக் கட்டு பக்கத்திலேயே கிடந்ததாம். கயிறு கட்டி முடித்திருந்ததாம்.

வனத்துறை ஆட்கள் வாசலில் நின்று, ஏன் தனியாகப் போனார் என்று கேட்டார்கள். சுடலி அத்தைதான் கடைசியில், "நாங்க போறத நிறுத்திட்டோம் சார்" என்றார். அதை எழுதிக்கொண்டார்கள்.

சென்னை ஆட்களின் கார் எஸ்டேட் கேட்டோடு திரும்பிப் போய்விட்டது. அக்கா மட்டும் நடந்து வந்தார்.

கல்லறையிலிருந்து எல்லோரும் மழையில் நனைந்துகொண்டு வந்தார்கள். புதைத்துவிட்டு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் போகக் கூடாது. அத்தை எங்கள் வீட்டுப் பின்னால் போய்ப் பானை ஏற்றி மூட்டினார். எங்கள் அட்டியிலிருந்துதான். அட்டி என் தோள் உயரம் இருந்தது. எல்லோருக்கும் தண்ணீர் காய்ந்தது. எனக்கும் ஊற்றினார்கள். ஊற்றிக்கொண்டேன்.

ஜூலை 25

அடுப்பில் பச்சை விளக்கு எரிகிறது. அது தன் பாட்டுக்குக் கரண்டு ஏற்றிக்கொள்கிறது.

ஜூலை 30, புதன்

அக்கா தனியாக வந்தார். இளைத்துவிட்டார். அஸ்வத் அண்ணன் பெங்களூருக்குப் போய்விட்டாராம். சித்தி தேநீர் போட்டுக் கொடுத்தாள். அக்கா டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

அடுப்புகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு சுடலி அத்தை உள்ளே வந்தார்.

"எடுத்துட்டுப் போயி என்ன செய்வ? ராகேலு வந்துருவாளா?"

அம்மாவை அத்தை அப்படித்தான் கூப்பிடுவார். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"சோத்துக்கு விறகு பொறுக்கப் போயிச் செத்தவ எவ்வளவோ பேரு இருக்கா இந்த மலையில. அதுக்கு நீ வழி பண்ணிட்ட. தண்ணிக்குப் பண்ணல. பண்ணு. கூட்டமாப் போயிருந்தா அந்த மாடு தானா ஒதுங்கியிருக்கும். கூட்டத்த நீ கலைச்ச அம்மிணி, தப்புன்னு சொல்லல, கலைச்சுட்ட. இப்ப மிச்சத்தையும் முடி."

அத்தை இப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் போன பிறகு அக்கா என்னிடம், அம்மா இத்தனை நாளும் விறகுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாரா என்று கேட்டார். ம் என்றேன்.

"உனக்குத் தெரியுமா தபி?"

அரிசி ஊறிவிட்டிருந்தது. எழுந்து உலை வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் தட்டுச் சத்தம் கேட்டது. சுடலி அத்தை முன்னால் போக, பெண்கள் எல்லோரும் விறகுக்குப் போனார்கள். பேச்சு இல்லை. தட்டுச் சத்தம் மட்டும் ரொம்ப தூரம் வரைக்கும் கேட்டது. சித்தி, கிளம்பி என்னோடு ஊருக்கு வந்துவிடு என்கிறாள். அங்கே எல்லாம் கேஸ்தான், பச்சைத் தண்ணீர்தான் என்கிறாள். அம்மா வேலையில் இருந்த வரைக்கும்தான் இந்த வீடு எங்களுக்கு. மாதக் கடைசிவரை இருக்கலாம் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன். முதல் சொம்புதான் கஷ்டம் என்பார்கள். எல்லாச் சொம்பும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6

அக்கா போன் செய்தார். தண்ணீர்ப் பெட்டியை வரையத் தொடங்கிவிட்டாராம். எவ்வளவு பெரியதாக வேண்டும் என்று தெரியவில்லை, மறுபடியும் வீடு வீடாக வந்து கேட்க வேண்டும், நீ கூட வருகிறாயா என்றார். அவர் காத்திருந்தார். மழைச் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அக்கா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். பெண்கள் விறகுக்குப் போய்த் திரும்பும்வரை எங்கள் வீட்டில் காத்திருந்தோம். அக்கா அம்மா பாயின் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நான் ராத்திரிச் சோற்றில் நீர் ஊற்றி மோர் விட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

எந்த வீட்டில் தொடங்கலாம் என்று அக்கா கேட்டார். சுடலி அத்தை வீடு என்றேன்.

அத்தை அப்போதுதான் கட்டை இறக்கிவிட்டு, சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உதறுவதை நிறுத்தினார். அக்கா வணக்கம் சொன்னார். அடுத்ததைச் சொல்ல வாய் திறந்தார், வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தத் தொண்டை எனக்குத் தெரியும்.

"அத்தை" என்றேன். "குளிக்கிற தண்ணி எதுல வைக்கிறீங்க? எம்புட்டு வைக்கிறீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, பின்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் மூன்று கல்லும் பானையும் தெரிந்தன.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.